ரேடியேஷனுக்குப் பிறகு: இறுகும் தாடை, வறளும் வாய், புரையேறும் தொண்டை

புற்றுநோய்க்காகக் கழுத்திலும் வாயிலும் ரேடியேஷன் முடிந்து புண் ஆறிய பிறகும் சில தொந்தரவுகள் தங்கிவிடும். சில, ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். பலரும் கவனிக்காமல் விடுவது தாடை இறுக்கம்.

ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். சந்தேகமாக இருந்தால் மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனி வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் இறுக்கம் தொடங்கிவிட்டது. வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். கதிர் பட்ட தசை மெதுவாகத்தான் கெட்டிப்படும் என்பதால் எழுதி வைக்காதவருக்கு அது தெரிவதே இல்லை.

பயிற்சிக்கு, டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சிகள் போதும். நுழைகிற அளவுக்கு அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, அடுக்கின் நடுவில் இன்னொன்றை மெல்லச் செருகுங்கள். 30 விநாடி அப்படியே இருக்கட்டும். ஒரு வேளைக்கு 5 தடவை, நாளைக்கு 5 வேளை. இழுவை தெரியலாம், வலிக்கக் கூடாது. வலிக்க நெம்பினால் தசை இன்னும் இறுக்கிக்கொள்ளும். பல் ஆடினாலோ தாடையில் அறுவை நடந்திருந்தாலோ முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

வறட்சிக்குத் தண்ணீர் மட்டும் போதாது. நனைத்த சில நிமிடத்தில் காய்ந்துவிடும். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அதில் பாதி உப்பு கலந்து கொப்பளித்தால் கெட்டியான எச்சில் இளகும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் சப்புவதும் தவறு. அமிலத்தைக் கழுவ எச்சில் இல்லாத வாயில் ஈறு ஓரமாகவே பல் அரிக்கத் தொடங்கும். சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம் பரவாயில்லை.

பல்லைக் காக்க 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல்லைப் பல் மருத்துவர் எழுதித் தருவார். தூங்கும் முன் பூசி, துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

பல் பிடுங்குவதுதான் பெரிய ஆபத்து. கதிர் பட்ட எலும்பில், குறிப்பாகக் கீழ்த்தாடையில், ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பிடுங்கிய குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்து அழுகலாம். எத்தனை ஆண்டானாலும் இந்த ஆபத்து விலகாது. எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு) டோஸ், எந்த ஆண்டு என்ற விவரம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டாமல் எந்தப் பல் டாக்டரிடமும் நாற்காலியில் உட்காராதீர்கள். புற்றுநோய் டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

விழுங்கும்போது இருமல் வந்தால் புரையேறியது தெரியும். தொண்டையில் உணர்வு மழுங்கியவர்களுக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகலாம். சாப்பிட்டதும் குரலில் சளி கட்டியது போன்ற ஈரம், காரணமில்லாத காய்ச்சல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி ஆகியவைதான் அடையாளம். இவை இருந்தால் எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்க்கும் பரிசோதனை தேவை. மோவாயைத் தாழ்த்தி விழுங்குங்கள் என்று யாராவது சொன்னாலும் அந்தப் பரிசோதனைக்குப் பிறகே செய்யுங்கள். சிலருக்கு அது கேடாக முடியும்.

கழுத்தில் கதிர் பட்டிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் வேண்டும். தைராய்டு குறைந்து வரும் அசதியையும் குரல் கம்மலையும் ரேடியேஷன் களைப்பு என்று தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். மாத்திரையில் சரியாகிற விஷயம் அது.