பாட்டே இல்லாத ஆல்பத்தை எப்படிக் கேட்பது?

இளையராஜாவின் பிஜிஎம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நமக்கு, பின்னணி இசையை மட்டும் ஒரு ஆல்பமாக எடுத்துவைத்து முதலிலிருந்து கடைசிவரை கேட்கிற பழக்கம் அவ்வளவாக இல்லை. நம் ஊரில் பட இசை வெளியீடு என்றாலே பாட்டுதான். கேசட் காலத்தில் ஐந்தாறு பாட்டு வெளியில் வரும், பின்னணி இசை தியேட்டரிலேயே தங்கிவிடும். ஹாலிவுட் படங்களுக்கும் பெரிய தொடர்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் அந்தப் பின்னணி இசையே தனி ஆல்பமாக வருகிறது. ஆசையாக அதைத் திறந்து, குரலே இல்லையே, எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று மூன்றாவது ட்ராக்கில் மூடிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: காதைக் கொஞ்சம் பழக்குங்கள்

நேராக எழுபது நிமிட ஆல்பத்துக்குப் போக வேண்டாம். 1995-இல் வந்த 'பம்பாய்' ஆல்பத்தில் பாட்டுகளோடு 'பம்பாய் தீம்' என்று ஒரு வாத்திய இசை இருக்கிறது. அதில் வரும் புல்லாங்குழலைக் கவனியுங்கள். அந்த மெட்டு எந்த இடத்தில் வயலின்களின் கைக்குப் போகிறது, எங்கே மறுபடி தனியாக நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஹாலிவுட் படமான 'லார்ட் ஆஃப் வார்' கூட அதை எடுத்துப் பயன்படுத்தியது. இந்த ஒன்றை ரசிக்க முடிந்தால் மற்றதும் முடியும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே மனசில் இருக்கிற கதையை எடுங்கள்

உலகம் புகழ்கிற ஆல்பம் எது என்று தேடாதீர்கள். நீங்கள் இரண்டு தடவையாவது பார்த்த, காட்சி வரிசை ஓரளவு நினைவிருக்கிற படம்தான் வேண்டும், ஏனென்றால் இசை ஓடும்போது காட்சியை மனசு தானாகவே எடுத்துக்கொடுக்கும். நான் இங்கே 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகத்தை எடுத்துக்கொள்கிறேன். ஹோவர்ட் ஷோர் இசை, 2001-இல் வந்தது, 18 ட்ராக். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாம் படி: சரியான ஆல்பமா என்று பாருங்கள்

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். படத்தின் பெயரைத் தட்டினால் வேறு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது, யாரோ பியானோவில் வாசித்தது, தூங்குவதற்கென்று மெதுவாக்கியது எல்லாம் கலந்து வரும். படத்துக்கு இசையமைத்தவர் பெயர் ஆல்பத்தின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஒரே படத்துக்கு 'கம்ப்ளீட் ரெக்கார்டிங்ஸ்' என்று நீளமான பதிப்பு இருந்தால் அதை இப்போது தொடாதீர்கள். நாம் எடுத்துக்கொண்ட 'ரிங்ஸ்' படத்துக்கு அது மூன்று மணி நேரம் ஓடும். சின்ன ஆல்பம் இசையமைப்பாளரே தேர்ந்து அடுக்கியதாக இருக்கும், அதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு ட்ராக் முடிவதற்குள் அடுத்ததைக் கலந்துவிடுகிற கிராஸ்ஃபேட் வசதியையும் அணைத்துவிடுங்கள். வரிசை குலைந்தால் கதை குலைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: படம் பார்க்கும் முன் ட்ராக் பெயர்களைப் படிக்காதீர்கள். 1999-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆல்பம், படத்துக்கு இரண்டு வாரம் முன்பே கடைக்கு வந்தது. அதில் ஒரு ட்ராக்கின் பெயரே முக்கியமான ஒரு பாத்திரத்தின் முடிவைச் சொல்லிவிட்டது.

நான்காம் படி: முதல் தடவை சும்மா ஓடவிடுங்கள்

துணி மடியுங்கள், காய் நறுக்குங்கள், பஸ்ஸில் போங்கள். எந்த இடத்தில் கை தானாக நிற்கிறதோ அந்த ட்ராக் எண்ணை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், வேறு எந்த முயற்சியும் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரே ஒரு மெட்டைப் பின்தொடருங்கள்

எல்லாம் இதில்தான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள். இந்த மாதிரி இசையில் ஒரு ஆளுக்கோ ஊருக்கோ பொருளுக்கோ என்று ஒரு சின்ன மெட்டு இருக்கும், கதை மாற மாற அந்த மெட்டும் மாறும். இரண்டாவது ட்ராக்கான 'கன்சர்னிங் ஹாபிட்ஸ்' போடுங்கள். ஊதுகுழல், ஃபிடில், வேலைக்குப் போகிற அவசரம் எதுவும் இல்லாத ஒரு பச்சைக் கிராமம். இதுதான் கதையின் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகளின் ஊர், ஷயரின் மெட்டு. வாய்விட்டு முணுமுணுக்க வரும்வரை நாலைந்து தடவை கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், மனப்பாடம் ஆகாத மெட்டு பிறகு வேஷம் மாற்றி வரும்போது அடையாளம் தெரியாது.

இப்போது நேராகப் பதினேழாவது ட்ராக்குக்குப் போங்கள். மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட கூட்டணி உடைந்துவிட்டது, ஷயர்காரர்களான ஃப்ரோடோவும் சாமும் தனியாகக் கிளம்புகிறார்கள், அந்தக் கிராமத்து மெட்டு மறுபடி வருகிறது. ஆனால் துள்ளல் இல்லை. பிறகு ஒரு சிறுவன் பாடத் தொடங்குவான், அவன் பாடுவதும் அதே ஷயர் மெட்டின் வழியில் வந்ததுதான். முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்: ஊரை விட்டுப் போகிறவனுக்கு ஊரே துணைக்கு வருகிறது, அதை ஒருவரும் வசனத்தில் சொல்லவில்லை.

மெட்டு பிடிபடாதவர்கள் தாளத்தைப் பிடிக்கலாம். எதிரிப் படை உருவாகும் கோட்டையான ஐசன்கார்ட் வரும் இடங்களில், இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி ஒரு தாளம் கேட்கும், அதை ஐந்து ஐந்தாக எண்ணிப் பாருங்கள். கர்நாடக இசையில் கண்டம் என்கிறோமே, அந்த ஐந்துதான். நாலில் நடந்து பழகிய காலுக்கு அந்த ஐந்து ஒரு தொந்தரவு தரும், அந்தத் தொந்தரவைத்தான் ஷோர் விரும்பியிருக்கிறார்.

ஆறாம் படி: காட்சியோடு ஒட்டிப் பாருங்கள்

மோரியா என்ற நிலத்தடிச் சுரங்க நகரத்தில் வரும் பாலத்துக் காட்சியைச் சத்தமில்லாமல் பாருங்கள், பிறகு சத்தத்தோடு. மந்திரவாதி கேண்டால்ஃப் விழுகிறவரை ஆண் குரல்களும் முரசுமாக அதிர்ந்துகொண்டிருந்தது, விழுந்தபின் அடங்கி, மெல்லிய கோரஸும் ஒரு தனிக் குரலும் மட்டும் மிஞ்சும். அந்த ட்ராக்கை அடுத்த தடவை இருட்டில் கேட்டால் வேறு மாதிரி இருக்கும்.

ஏழாம் படி: தொடரும் விளையாட்டும்

சரி, படம் பழகிவிட்டது. தொடர்களில் இசைக்குக் காலம் அதிகம், ஒரு பழக்கத்தை வருஷக்கணக்கில் வளர்த்து ஒரே நாளில் உடைக்கலாம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில் (2016) இசையமைப்பாளர் ரமின் ஜவாடி திடீரென்று பியானோவைக் கொண்டுவந்தார். அந்த உலகத்தில் அதுவரை பியானோவுக்கு இடமே இல்லை, அதனால் முதல் சுரத்திலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று வயிற்றைப் பிசையும். 'லைட் ஆஃப் த செவன்' என்று தேடுங்கள், கிட்டத்தட்ட பத்து நிமிடம்.

வீடியோ கேம் இசை எழுதப்படும் விதமே வேறு. ஆடுகிறவர் ஒரு இடத்தில் ஒரு நிமிடம் நிற்பாரா, ஒரு மணி நேரம் நிற்பாரா என்று இசையமைப்பாளருக்குத் தெரியாது. அதனால் முடிவு தொடக்கத்தோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும். ஆல்பத்தில் ஒரே பகுதி இரண்டு சுற்று வந்து மெல்லத் தேய்ந்து போனால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். 1985-இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எழுதிய கோஜி கோண்டோவுக்கு அந்தக் கால விளையாட்டுக் கருவி கொடுத்தது முக்கியமாக மூன்று சுரக் குரலும் ஒரு இரைச்சலும்தான். அந்த இரைச்சலையே தட்டித் தட்டித் தாளமாக்கியிருப்பார், கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு 2012-இல் வந்த 'ஜர்னி'யைக் கேளுங்கள், ஆஸ்டின் வின்டரி இசை. செல்லோதான் அதில் உங்கள் பாத்திரம், மணலில் தனியாக நடக்கிற உருவம். கிராமி விருதில் ஸ்கோர், அதாவது பின்னணி இசை, ஆல்பம் பிரிவுக்குப் பரிந்துரையான முதல் வீடியோ கேம் ஆல்பம் அது. விளையாடாமலேயே ரசிக்கலாம், ஆனால் ஒரு தடவை விளையாடிவிட்டுக் கேட்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எட்டாம் படி: அடுத்தது

புது ஆல்பத்துக்குத் தாவாமல் அதே கதையின் இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். 'த டூ டவர்ஸ்', 2002. 'த ரைடர்ஸ் ஆஃப் ரோஹன்' ட்ராக்கில் ஹார்டாங்கர் ஃபிடில் என்ற நார்வே வாத்தியம் வரும். சிதாரில் இருப்பது போல, வில் படுகிற தந்திகளுக்குக் கீழே தானாக அதிர்கிற தந்திகள் இதிலும் உண்டு, அதனால்தான் அந்த ஒலிக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் நிற்கிறது. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் முழுக்க ஓடும்போது ஷயர் மெட்டு எங்கே எட்டிப்பார்க்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள், இடத்தை நான் சொல்லப்போவதில்லை.