வேடப் பெயரில் வாங்கிய கையெழுத்தும் ஒரு பென்சில் வரியும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் ரதியாகவோ மன்மதனாகவோ ஆடியவரிடம் அந்த வேடப் பெயரிலேயே கையெழுத்து வாங்கினால், அங்கேயே தாளைத் திருப்பி, அவருடைய இயற்பெயர், தோட்டம், அதன் டிவிசன் (தோட்டப் பிரிவு), திகதி ஆகியவற்றை மென்மையான 2பி பென்சிலால் எழுதிவிடுங்கள். இயன்றால் அவர் கையாலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். மாசியில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு ரதி எழுந்தருளுவதால், ‘ரதி’ என்ற இரண்டெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது யாருடையது என்று சில ஆண்டுகளுக்குப் பின் உங்களாலேயே சொல்ல முடியாது. பென்சில் கரி ஈரத்தில் கரையாது. நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் நமத்துப்போன கொப்பியிலோ பேனா மை ஊறி, முன்பக்கக் கையெழுத்தையே கெடுத்துவிடும்.

மலையக எழுத்தாளர் சாரல்நாடன் என்றால் நல்லையா என்பது நூல்களில் பதிவாகியிருப்பதால், அத்தகைய எழுத்தாளர்களின் புனைபெயர்க் கையெழுத்துக்குத் திகதி மட்டும் போதும். கூத்துக் கலைஞர்கள் பலருக்கு அப்படியொரு பதிவு கிடையாது என்பதாலேயே இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

பளபளப்பான புகைப்படத் தாளில் பென்சில் பிடிக்காது. விவரத்தைத் தனித் துண்டில் எழுதி உடன் வையுங்கள். இயற்பெயரைச் சொல்ல விரும்பாதவரிடம் மறுபடி கேட்காமல், இடத்தையும் திகதியையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.