கோள் மாதிரியை வெட்டிக் காட்டும்போது வரும் தவறுகள்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்குச் சூரியக் குடும்பம் செய்யும்போது வெளி நிறத்தை அழகாகத் தீட்டிவிடுகிறார்கள். பந்தை இரண்டாக வெட்டி உட்பகுதியைக் காட்டும்போதுதான் தவறுகள் வருகின்றன.

முதல் தவறு, எல்லாக் கோளுக்கும் ஒரே அளவில் மையக்கரு வரைவது. 20 செ.மீ. விட்டமுள்ள பாலிஸ்டைரீன் பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூமிக்கு நடுவிலிருந்து 5.5 செ.மீ. வரை இரும்புக் கரு. அதில் உள்ளே 1.9 செ.மீ. மட்டும் திடமானது. மேலோடு கண்டப் பகுதியில்கூட அரை மில்லிமீட்டர்தான் வரும். அதற்கென்று ஒரு செ.மீ. ஒதுக்கிவிடாதீர்கள், ஒரு பூச்சு வர்ணம் போதும். செவ்வாய்க்குக் கரு ஏறக்குறைய 5 செ.மீ. புதனுக்கோ 8 செ.மீ.யைத் தாண்டும்! அவ்வளவு சிறிய கோளின் அடர்த்தி கன செ.மீ.க்கு 5.43 கிராம் ஆகி, பூமியின் 5.51-ஐ நெருங்குவது அந்த இரும்பால்தான். பந்துகள் ஒரே அளவாக இருப்பதால், ஒவ்வொன்றின் உண்மையான ஆரத்தையும் அட்டையில் எழுதிவிடுங்கள். வர்ணத்துக்கு அக்ரிலிக் நல்லது. சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் பாலிஸ்டைரீனை அரித்துவிடும்.

நிறத்தை வைத்துப் பொருளை முடிவு செய்வது இன்னொரு தவறு. செவ்வாயின் சிவப்பு மேலே படிந்த துருத் தூசு; அடியில் இருப்பது கருநிற எரிமலைப் பாறை. அதேபோல், பூமியில் ஆக்சிஜனே அதிகம் என்று எழுதுவார்கள். மேலோட்டில் அது சரி, நிறையில் 46 விழுக்காடு. முழுக் கோளையும் கணக்கிட்டால் இரும்பு 32 விழுக்காட்டோடு முந்திவிடும்.

வியாழனை 'வாயுக் கோளம்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஆழம் கூடக் கூட ஹைட்ரஜன் அழுத்தத்தில் திரவமாகி, பிறகு மின்சாரம் கடத்தும் உலோகத் திரவமாகிறது. நிற்பதற்குத் தரையே கிடையாது. 1995-இல் கலிலியோ விண்கலம் இறக்கிய ஆய்வுக்கலன் சுமார் 150 கி.மீ. இறங்குவதற்குள் செயலிழந்தது. 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலம் அளந்த ஈர்ப்பு விவரப்படி, கருவுக்கும் தெளிவான விளிம்பு இல்லை. ஆகவே கோடு போட்டுப் பிரிக்காமல், ஈரம் காய்வதற்குள் நிறங்களை ஒன்றோடொன்று கரைத்து விடுங்கள். சனிக்கும் இதே முறைதான்.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் வியாழனோடு சேர்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. அவற்றின் நிறையில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறு பங்குதான். பெரும்பகுதி நீர், மீத்தேன், அமோனியா என்றே பெரும்பாலான கணிப்புகள் சொல்கின்றன. 'பனிக் கோள்' என்ற பெயரைப் பார்த்து வெள்ளைப் பஞ்சை அடைத்து, ஐஸ் கச்சாங் போல ஆக்கிவிட வேண்டாம். உள்ளே பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் அழுந்திக் கிடப்பது அடர்த்தியான திரவம். அந்தப் பகுதிக்கு அடர்நிறம் பூசி, 'சூடான நீர், மீத்தேன், அமோனியா' என்று ஒட்டுங்கள். வெளியே வாயு அடுக்கு, நடுவில் சிறிய பாறைக் கரு.