கார் பின் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் பிலிம்: வளைவை வெளியிலேயே முடித்துவிடுங்கள்

சித்திரை வெயிலில் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றுவிட்டு நேராக என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "நல்லா டார்க்கா ஒட்டுங்கண்ணா." கறுப்பாக இருந்தால் சூடு ஏறாது என்று நம்புகிறார்கள். செராமிக் பிலிம் தெளிவாக இருந்துகொண்டே வெப்பக் கதிரைத் தடுக்கும். மலிவான சாயப் பிலிம் கறுப்பாக இருந்தும் பெரிதாகத் தடுக்காது. போதாததற்கு, ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இறங்கும்போது பின்னால் வரும் வண்டி தெரியாமல் தவிக்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. 2012-இல் உச்ச நீதிமன்றம் பிலிமே ஒட்டக்கூடாது என்றது. 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்றது. நம் ஊர்ச் சோதனையில் நிறுத்தினால் பேச வேண்டியது நீங்கள்தான். இன்னொன்று: '70' என்று போட்ட பிலிமை வாங்கி ஏமாறாதீர்கள். வெறும் கண்ணாடியே 80 சதவீதம்தான் விடுகிறது என்றால், அதன் மேல் 70 பிலிம் ஒட்டினால் 56. அந்தக் கண்ணாடிக்கு 90 பிலிம் ஒட்டினால்தான் 72 வரும்.

சரி, வேலைக்கு வருவோம். பிலிம் ஒட்டுவது உள்பக்கம், ஆனால் பாதி வேலைக்கு மேல் வெளியில்தான். பின் கண்ணாடி அகலவாக்கிலும் உயரவாக்கிலும் வளைந்திருக்கும், பிலிமோ தட்டை. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் லைனர் (பசையை மூடியிருக்கும் உரிக்கிற தாள்) உங்களைப் பார்க்கும்படி பிலிமை விரியுங்கள். ரோலின் நீளவாக்கு கண்ணாடியின் அகலவாக்கில் வர வேண்டும். பிலிம் முக்கியமாக அந்தத் திசையில்தான் சுருங்கும். நடுவில் குறுக்காக ஒரு பட்டை, இரு ஓரத்திலும் நெடுக்காக ஒவ்வொன்று என்று ஈரப்படுத்தி அழுத்தினால், மிச்சமெல்லாம் மேலும் கீழும் விரல் விரலாக மடிப்பெடுத்து எழும்பும். பெரிய விரலைக் கையால் பிரித்துச் சின்னதாக்குங்கள். பிறகு ஹீட் கன் (சூட்டுக் காற்று வீசும் கருவி) சூட்டை, கையை நிறுத்தாமல் அசைத்தபடியே விரல் மேல் காட்டுங்கள். விரல் சுருங்கி அடங்கும் அந்த நொடியிலேயே கடினமான அட்டையால் தேய்த்துப் படியவைக்க வேண்டும். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் பிலிம் பால் நிறமாகிவிடும், கண்ணாடியும் உடைந்துவிடலாம். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது. எல்லாம் படிந்த பிறகு, ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள் நிற்கும்படி புது பிளேடால் அழுத்தாமல் வெட்டுங்கள்.

உள்பக்கம் துடைக்கும்போது டீஃபாகர் கோடுகள் (கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் சூட்டுக் கம்பிகள்) மேல் பிளேடு படவே கூடாது. மென்மையான நாரால் கோடு போகும் திசையிலேயே தேயுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில சொட்டு பேபி ஷாம்பு போதும். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் புள்ளி நிற்கும். மேட்டூர்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் வீடு என்றால் தூசிதான் முதல் எதிரி: தரையை நனையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ஒருவர் லைனரை உரிக்க, இன்னொருவர் பசை மேல் தெளித்துக்கொண்டே வர வேண்டும். உள்ளே பொருத்தியதும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்க்வீஜியால் (ரப்பர் விளிம்பு வைத்த தள்ளுகட்டை) தண்ணீரைத் தள்ளுங்கள்.

முன் கண்ணாடியை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள் என்பேன். தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கினால் செலவு பிலிம் விலையைத் தாண்டும். கல் பட்ட புள்ளி இருந்தால் ஹீட் கன் சூட்டில் அது நீண்ட கீறலாக ஓடும்.

ஒட்டியபின் மங்கலும் சின்னச் சின்ன நீர்க் கொப்புளமும் தெரியும், குத்தாதீர்கள். சேலம் வெயிலில் சில நாளில் போய்விடும், ஏற்காட்டு மழைக்காலத்தில் வாரக்கணக்கில் இழுக்கும். அதுவரை டீஃபாகர் போட வேண்டாம். அம்மோனியா கலந்த கிளீனரை எப்போதுமே தொடாதீர்கள்.

அப்புறம், முன் கண்ணாடியைக் கடையில் கொடுக்கிறவர்கள் ஃபாஸ்டேக்கை மறக்க வேண்டாம். உரித்தால் அது கிழிந்து செத்துவிடும், புதிதுதான் வாங்க வேண்டும். பிலிம் உலோகம் கலந்ததா என்றும் கேளுங்கள். சிக்னலை மறைத்தால் ஓமலூர் டோலில் கேட் திறக்காமல் பின்னால் ஹாரன் வாங்குவீர்கள்.