பைத்தான் லாகிங் சோதனைகளில் திரெட்டை ஒழுங்காக முடித்துவைப்பது

தனியாக ஓட்டினால் தேறும் சோதனை, மற்றவற்றோடு சேர்ந்து ஓடும்போது மட்டும் தோற்கிறதென்றால், முந்தைய சோதனை எதையோ மூடாமல் விட்டிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பதிவுகளை க்யூவில் (வரிசையில்) இடும் க்யூ ஹேண்ட்லரும், அவற்றை அங்கிருந்து எடுத்து மற்ற ஹேண்ட்லர்களிடம் கொடுக்கும் க்யூ லிஸனரும் இடம்பெறும் லாகிங் (நிரலின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும்) சோதனைகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். லிஸனர் தனக்கென ஒரு திரெட்டை, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் செயலோட்டத்தை, தொடங்குகிறது. அது நிரல் முடிவதைத் தடுக்காத டீமன் திரெட் என்பதால், அதை நிறுத்த நாம் மறந்தாலும் நிரல் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது, க்யூவில் மிஞ்சிய பதிவுகளும் அதோடு தொலைகின்றன.

லிஸனரின் ஸ்டாப் அழைப்பு, க்யூவின் கடைசியில் ஒரு முடிவுக்குறியை இட்டு, திரெட் அதை எட்டி நிற்கும்வரை காத்திருக்கிறது. குறிக்கு முன்னால் நின்ற பதிவுகள் கையாளப்படும். அதற்குப் பின் வந்தவை க்யூவிலேயே கிடக்கும். ஆகவே பதிவு எழுதும் திரெட்டுகளை முதலில் ஜாயின் செய்து (அவை முடியும்வரை காத்திருந்து), க்யூ ஹேண்ட்லரைப் பதிவுகளை ஏற்கும் லாகரிலிருந்து கழற்றி, அதன் பிறகே லிஸனரை நிறுத்த வேண்டும். ஸ்டாப் அழைப்பு, பதிவுகளைக் கோப்பில் எழுதும் கோப்பு ஹேண்ட்லரை மூடுவதில்லை என்பதால், அதை நாமே மூடிவிட்டுத்தான் தற்காலிகக் கோப்பை அழிக்க வேண்டும். லினக்ஸில் திறந்த கோப்பும் அழிந்துவிடுவதால் இந்தப் பிழை கண்ணில் படாது. விண்டோஸில் பெர்மிஷன் எரராக வந்து நிற்கும்.

இந்த வரிசையை, யூனிட்டெஸ்டில் சோதனை முடிந்ததும் ஓடும் டியர்டவுனில் எழுதுவதைவிட, துப்புரவு வேலைகளைப் பதிந்துவைக்கும் ஆட் கிளீனப்பிடம் ஒப்படைப்பது நல்லது. சோதனைக்கு முன் ஓடும் செட்டப் பாதியில் உடைந்தால் டியர்டவுன் ஓடாது, ஆனால் அதுவரை பதிந்த கிளீனப்புகள் ஓடும். அதுவும் கடைசியில் பதிந்தது முதலில் ஓடும். கோப்புறை, கோப்பு ஹேண்ட்லர், லிஸனர், க்யூ ஹேண்ட்லர் என உருவாக்கும் ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரியிலேயே அதன் கிளீனப்பைப் பதிந்துவந்தால், வேண்டிய தலைகீழ் வரிசை தானாகவே அமைந்துவிடும்.

திரெட் அதற்குள் முடிந்துவிடும் என்று நம்பி அரை விநாடி ஸ்லீப் (காத்திருப்பு) போட்டுச் சமாளிப்பது, என் பார்வையில், பிழையை வேகம் குறைந்த கணினிக்குத் தள்ளிவிடுவதே ஆகும். ஜாயினுக்குக் காலவரம்பு கொடுத்தாலும் கவனம் தேவை: வரம்பு கடந்தாலும் அது பிழை எதையும் எழுப்பாமல் திரும்பிவிடும் என்பதால், திரெட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இஸ் அலைவ் மூலம் கேட்டே தீர வேண்டும்.

மூடிய கோப்பில் எழுத முயன்றால் எழும் வேல்யூ எரரையும் லாகிங் திரையில் அச்சிட்டுவிட்டு விழுங்கிவிடும். சோதனையோ பச்சையாகவே தெரியும். சோதனைக்கான ஹேண்ட்லரில், இத்தகைய பிழையின்போது அழைக்கப்படும் ஹேண்டில் எரர் மெத்தடை மாற்றி எழுதி, பிழைகளை ஒரு பட்டியலில் சேர்த்து, அது காலியாக இருக்கிறதா என்று இறுதியில் சரிபார்க்கலாம். கூடவே, செட்டப்பின் முதல் வரியில் திரெடிங் எனுமரேட் தரும், உயிரோடுள்ள திரெட்டுகளின் பட்டியலைக் குறித்துக்கொண்டு, அதனோடு ஒப்பிடும் கிளீனப்பையும் அங்கேயே பதிந்துவிட்டால், அது எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓடி, மிஞ்சிய திரெட்டைப் பெயரோடு காட்டிக்கொடுக்கும்.