திருக்கை முள்: காலை வைக்கும்போதும் கொக்கியைக் கழற்றும்போதும்

திருக்கை யாரையும் துரத்தி வந்து குத்துவதில்லை. மிதிபட்டாலோ பிடிபட்டாலோதான் வாலைத் தூக்கும். அதனால் உவரி, மணப்பாடு, புன்னைக்காயல் பக்கம் தூண்டிலோ துடுப்போ எடுத்துக்கொண்டு கடலில் இறங்குகிறவர்கள் உஷாராக இருக்க வேண்டியது இரண்டே சமயங்களில்: தண்ணீருக்குள் காலை வைக்கிறபோது, கொக்கியிலிருந்தோ வலையிலிருந்தோ அதைக் கழற்றுகிறபோது.

முள் வால் நுனியில் இருக்கிறது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது இருப்பது வாலின் மேல்பக்கம், அடிக்கும் நடுவுக்கும் இடையில். குருவித் திருக்கைக்கு இன்னும் உடம்பை ஒட்டியே இருக்கும். நுனியைப் பிடித்துத் தூக்கினால் வால் வளைந்து முள் மணிக்கட்டுக்கு வந்துவிடும். முள்ளின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் உண்டு. பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் சுலபமாக உள்ளே போகும், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளைச் சுற்றியிருக்கிற மெல்லிய தோலில்தான் விஷம். பழைய முள் விழுமுன் புதியது முளைப்பதால் ஒரே வாலில் இரண்டு முள் இருப்பதும் உண்டு. செத்த திருக்கையின் முள்ளும் குத்தும், விஷமும் ஏறும்.

இனி இறங்குவது. திருக்கைக்குப் பிடித்த இடம் மணலும் சேறும் கலந்த ஆழமில்லாத தரை. தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் முகத்துவாரம் போன்ற இடங்களில் நண்டும் சிப்பியும் தேடி வந்து, மேலே மணலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். வெளியே தெரிவது கண்ணும் அதன் பின்னால் இருக்கும் மூச்சுத் துளையும் மட்டும். தண்ணீர் வற்றும்போது தரையில் தட்டு அளவில் வட்டக் குழிகள் தெரிந்தால், அது இரை தேடி மணலைக் கிளறின இடம். தண்ணீர் ஏறினதும் அங்கே திரும்பி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், மணலை உழுவது போல இழுத்து இழுத்து நகர வேண்டும். அதிர்வு தெரிந்ததும் அது ஒதுங்கிப் போய்விடும். பாதம் அதன் ஓரத்தில் இடித்தாலும் பெரும்பாலும் நழுவி ஓடுமே தவிர குத்தாது. முதுகில் மிதித்தால்தான் வால் மேலே வரும். அடி கணுக்காலிலோ பாதத்தின் மேல்புறத்திலோ விழும். ரப்பர் செருப்பும் துணிக் காலணியும் சிப்பிக்கும் பாறைக்கும்தான் உதவும், இந்த முள்ளை நிறுத்தாது.

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் வருகிறவர்கள் கரைக்கு வந்த சந்தோஷத்தில் தொபுக்கென்று குதிப்பதுதான் வழக்கமான தவறு. முதலில் துடுப்பால் இறங்கப்போகிற இடத்தைச் சுற்றி நாலைந்து தடவை குத்திக் கலக்குங்கள். பிறகு ஒரு காலை மெதுவாக இறக்கி, இழுத்தபடி நகருங்கள். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகையிலிருந்து விழ நேர்ந்தால் கால் நேராக இறங்காமல் மல்லாந்தோ பக்கவாட்டிலோ உடம்பைப் பரப்பி விழுங்கள். தண்ணீர் கலங்கியிருந்தாலும் பொழுது சாய்ந்தாலும் அதிக நிதானம் தேவை.

தூண்டிலில் பெரிய திருக்கை மாட்டினால் முதலில் அது மீனாகவே தோன்றாது. கொக்கி பாரில், அதாவது கடலடிப் பாறையில், சிக்கின மாதிரி அசையாமல் இருக்கும். அது தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்வதால் வெறுமனே இழுத்தால் தூண்டில் நரம்புதான் அறும். நரம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு கரையோரமாக இருபது முப்பது அடி நடந்து கோணத்தை மாற்றுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டதும் கிளம்பிவிடும். விடப் போகிறீர்கள் என்றால் தண்ணீரிலேயே வைத்து, கொக்கிக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நரம்பை வெட்டிவிடுங்கள். ஒரு கொக்கியின் விலைக்காகக் கையைக் கொடுக்க வேண்டியதில்லை. கயாக்கில் இருந்தால் உள்ளே ஏற்றவே கூடாது: உங்கள் கால் இரண்டும் முன்னால் நீட்டிக் கிடக்கிறது, வால் போய் விழுகிற இடம் அதுதான்.

கறிக்கு எடுக்கிறவர்கள் வாலின் மேல் ஒரு பலகையைப் போட்டு, காலணி போட்ட காலால் அழுத்திக்கொண்டு வேலை செய்யட்டும். மீன் செத்த பிறகு கட்டிங் பிளேயரால் முள்ளை அடியோடு நறுக்கி, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். கரையில் எறிந்தால் நாளை யாரோ ஒரு பிள்ளையின் காலில் ஏறும். வலையில் முள் சிக்கினால் வலையை உதறாமல் அந்தக் கண்ணியை மட்டும் அறுங்கள். உதறும்போதுதான் பக்கத்தில் நிற்கிறவருக்குக் குத்து விழுகிறது. ரத்தத்தை உடனே வடித்து ஐஸில் வைக்காவிட்டால் கறியில் அமோனியா வாடை ஏறிவிடும். எந்தப் புளிக்குழம்பும் அதை மறைக்காது.

குத்திவிட்டால் மருந்து வெந்நீர். விஷம் புரத வகை, சூட்டில் வலுவிழக்கும். முதலில் கரையேறி உட்கார வையுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்தி, பிறகு காயத்தை நன்றாக அலசுங்கள். அடுத்து, பொறுக்கக்கூடிய அதிகபட்சச் சூட்டில், சுமார் 45 டிகிரி செல்சியஸில், காலை முக்கி 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். வெப்பமானி இல்லையா? கொதிநீர் ஒரு பங்கு, சாதாரணத் தண்ணீர் நான்கு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். பிளாஸ்க்கில் எடுத்துப்போன நீர் ஓரளவு ஆறியிருந்தால் சாதாரணத் தண்ணீர் இரண்டு பங்கு போதும். சூட்டைப் பார்க்க வேண்டியது குத்துப்படாத காலால், இல்லையென்றால் கூட இருப்பவர் கையால். குத்துப்பட்ட கால் வலியில் சூட்டை உணராது, வெந்துபோகும். ஆற ஆறச் சுடுநீர் சேர்க்கும்போது காலை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே சாப்பாட்டுப் பையில் ஒரு லிட்டர் கொதிநீர் பிளாஸ்க்கும் ஒரு சின்ன வாளியும் இருக்கட்டும்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். விஷம் நிற்காது, ரத்த ஓட்டம்தான் நிற்கும். ஆழமாக ஏறிய முள்ளைக் கடற்கரையில் வைத்துப் பிடுங்கக் கூடாது. நெஞ்சு, வயிறு, கழுத்து என்றால் முள்ளை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், வெந்நீருக்காகக் காத்திருக்க வேண்டாம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் இர்வின் இறந்தது நெஞ்சில் விழுந்த குத்தால்தான். படகில் இருக்கும்போது இப்படி நடந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே முள் துணுக்கு தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்கச் சொல்லுங்கள், டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளும் ஈரல் நோய் உள்ளவர்களும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கடல்நீர்க் கிருமி அவர்கள் உடம்பில் வேகமாகப் பரவும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திரும்பவும் அதே டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.