தலை கழன்ற சுத்தியல்

பாம்பனில் வீட்டுக்கு முன்னால் கொட்டகை போடும்போது, 180 ரூபாய்க்கு வாங்கிய மரப்பிடி சுத்தியலின் தலை கழன்று பறந்தது. நல்லவேளை, மணலில் விழுந்தது. வாங்கி 2 மாதம்கூட ஆகவில்லை.

எல்லோரும் சொல்வதுபோல் ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் கல் மாதிரி இறுகியிருந்தது. கச்சான் காற்றில் நாலு நாள் கிடந்ததும் முன்பைவிட ஆட்டம்! ஊறிய மரம் இரும்புத் துளைக்குள் விரிய இடமில்லாமல் நசுங்கிவிடுகிறது. காய்ந்தால் பழைய அளவுக்கும் கீழே சுருங்குகிறது. தண்ணீர் வைத்தியம் அவசரத்துக்கு மட்டும்தான்.

வள்ளம் பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். பிடியின் வார்னிஷைச் சுரண்டிக் காட்டினார். "ரேகை குறுக்க ஓடுது பாருங்க தம்பி. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒடியும்." ஆப்பு என்ற பெயரில் இருந்தது ஒரு தகரத் துண்டு. தலையில் குறையில்லை, அடிக்கும் முகத்தில் அரம் போட்டார், கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பதம் ஏற்றிய இரும்பு.

வீட்டில் கிடந்த கருவேலங்கட்டையை இழைத்துப் பிடி செய்தேன். அரை நாள் போனது, உள்ளங்கையில் கொப்புளம் வேறு. நுனியில் ரம்பத்தால் ஒரு பிளவு. தலையை மாட்டிக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு, பிடியின் அடியைக் கட்டையால் தட்டினால் தலை தானே ஏறி இறுகுகிறது. பிளவில் மர ஆப்பு, அதற்குக் குறுக்கே இரும்பு ஆப்பு.

இப்போது கடையில் பெயிண்ட் அடித்த பிடியைத் தொடுவதே இல்லை. பிடியின் அடியைத் திருப்பி, ரேகை தலையின் நீளவாக்கில் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.